கடலோர ஷெட்டுக்குக் கூரை: ஜிஐ, கால்வால்யூம், கலர் ஷீட், எதைப் போடுவது?

நாகை_கருவாடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடற்கரையில் இருந்து ஐந்து நிமிட நடையில் எங்களுக்கு ஒரு கருவாட்டு ஷெட் இருக்கிறது. 40க்கு 60 அடி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை மொத்தமும் பக்கத்துத் தோப்பில் போய் விழுந்தது. ஊரே கூரைக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. கிடைத்த ஜிஐ ஷீட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, வாங்கி மாட்டிவிட்டோம், பருமன் என்ன, பூச்சு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது வருடமே ஸ்க்ரூ தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகிவிட்டது. இப்போது உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிகிறது.

இந்த முறை ஒழுங்காகப் போட வேண்டும் என்று மூன்று இடத்தில் விசாரித்தேன். ஒருவர் "கெட்டியான ஜிஐ போடுங்கள், அதுதான் காலத்துக்கும் நிற்கும்" என்கிறார். இன்னொருவர் அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய கால்வால்யூம் என்கிறார். மூன்றாமவர் கலர் ஷீட் தவிர வேறு எதையும் பேசவே மாட்டேன் என்கிறார், 1000 மணி நேரம் உப்புத் தண்ணீர் தெளித்துச் சோதித்தது என்று ஒரு காகிதத்தை வேறு காட்டினார். விலை வித்தியாசம் சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் வரை வருகிறது, 2400 சதுர அடிக்கு அது எனக்குப் பெரிய தொகை.

கூடவே இரண்டு கேள்வி. ஷெட்டின் மேற்குப் பக்கத்தில் சாய்ப்பு இறக்கி ஆட்டுக் கொட்டகை போடலாம் என்று இருக்கிறேன், அதற்கும் இதே ஷீட் போதுமா? அப்புறம் புதிதாக நாலு தூண் எழுப்ப வேண்டும், அதற்குப் பச்சைப் பூச்சுக் கம்பி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தகர_மேஸ்திரி:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஷீட்டில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது? மேலிருந்து அரித்ததா, கீழிருந்தா? ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கடைக்காரர் மூன்று பேரும் ஷீட்டின் மேல்பக்கத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேசியிருப்பார்கள்.

அதுவரை என் அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். இருபது வருடமாக இந்த வேலை, அதில் பாதி கடலோரம். ஷீட் நன்றாக இருந்தும் கூரை கெட்டுப்போன இடங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு இடத்தில் தவறு நடக்கும். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு ஷீட்டை அறுப்பார்கள். பறக்கிற பொறி அத்தனையும் சூடான இரும்புத் துகள், அது பெயிண்டில் போய் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் பனி விழுந்ததும் ஷீட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துருப்புள்ளி. அறுத்த விளிம்பிலும் சூட்டில் பூச்சு எரிந்து போயிருக்கும். கத்தரியிலோ நிப்ளரிலோ வெட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்க்ரூ. லட்ச ரூபாய்க்கு ஷீட் வாங்குகிறவர் ஸ்க்ரூவில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பார். சாதா மஞ்சள் பூச்சு ஸ்க்ரூ கடலோரத்தில் தலை கழன்று கையோடு வந்துவிடும். கூரைக்கென்றே வருகிற நல்ல பூச்சுள்ள ஸ்க்ரூ, அடியில் கறுப்பு இபிடிஎம் ரப்பர் வாஷர், இதைக் கேட்டு வாங்குங்கள். வாஷர் பிதுங்கும்வரை இறுக்கக் கூடாது, லேசாக உட்கார்ந்தால் போதும். கஜாவுக்குப் பிறகு எல்லோரும் பயத்தில் இறுக்கோ இறுக்கு என்று இறுக்கி வாஷரைக் கிழித்து வைத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியது.

இன்னொன்று, சுவரோடு ஷீட் சேருகிற இடத்தில் நம் ஊர்க் கொத்தனார் சிமெண்ட் கலவையை அப்பிப் பூசிவிடுவார். கால்வால்யூமுக்கு அது விஷம். அதில் அலுமினியம் இருக்கிறது, ஈர சிமெண்டின் காரம் அதைத் தின்றுவிடும். அங்கே தகட்டை மடித்து ஃபிளாஷிங் வைத்து சிலிகான் அடிக்க வேண்டும்.

நாகை_கருவாடு:

ஏறிப் பார்த்தேன் அண்ணே. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. மேல்பக்கம் பரவாயில்லை, மங்கிப் போயிருக்கிறது, அங்கங்கே வெள்ளைப் பொடி. கீழ்ப்பக்கம்தான் நாசம். அதிலும் உப்புத் தொட்டி இருக்கிற மூலைக்கு மேலே ஷீட் விரலால் குத்தினால் உதிர்கிறது. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியும் அப்படியே.

பூச்சுக்காரன்:

மேஸ்திரி கேட்டதுதான் சரியான கேள்வி. நான் ஒரு கலர் கோட்டிங் லைனில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன், கணக்கோடு சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

ஜிஐ என்றால் இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம். பூச்சை கிராமில் சொல்வார்கள். 120, 180, 275 என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து அத்தனை கிராம். 275 என்பது ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 120 என்றால் 8 மைக்ரான்தான் வரும். காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்த ஐஎஸ்ஓ 9223 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் சி5 என்கிற கடுமையான வகையில் துத்தநாகம் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். இனி நீங்களே வகுத்துப் பாருங்கள். 2018ல் அவசரத்தில் வாங்கியது 120 கிராம் ஷீட்டாக இருந்திருந்தால் இரண்டாவது வருடம் துரு வந்ததில் ஆச்சரியமே இல்லை. 275 போட்டிருந்தாலும் ஐந்து வருடத்தைத் தாண்டுவது கஷ்டம். ஆகவே வெறும் ஜிஐ உங்கள் இடத்துக்கு வேண்டாம், எவ்வளவு கெட்டித் தகடாக இருந்தாலும் சரி. தகட்டின் கெட்டி வேறு, பூச்சின் கெட்டி வேறு, அந்த முதல் கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்.

கால்வால்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான் கலந்த பூச்சு. அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீல் உருவாக்கி 1972ல் சந்தைக்கு விட்டது. இதன் எடை குறைவு, அதனால் 150 கிராமிலேயே பக்கத்துக்கு 20 மைக்ரான் கிடைத்துவிடும். ஷீட்டில் ஏஇசட் 150 என்று அச்சடித்திருப்பார்கள். அதே கனத்தில் ஜிஐயைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு நாள் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. அலுமினியம் வலை மாதிரி நின்றுகொள்ள, இடையில் இருக்கிற துத்தநாகம் மெதுவாகக் கரையும். குறை என்னவென்றால் வெட்டிய விளிம்பிலும் கீறலிலும் துத்தநாகம் மட்டும் இருக்கிற ஜிஐ அளவுக்குத் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றாது.

கலர் ஷீட் தனி ரகம் ஒன்றும் இல்லை. அடியில் ஜிஐயோ கால்வால்யூமோ இருக்கும், மேலே பெயிண்ட். "கலர் ஷீட்" என்று மட்டும் கேட்டால் எது அடியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, கடைக்காரருக்கே சில சமயம் தெரியாது. அடியில் ஏஇசட் 150 இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு மேலே பாலியஸ்டர், எஸ்எம்பி, பிவிடிஎஃப் என்று பெயிண்டில் தரம் உண்டு. பிவிடிஎஃப் நிறம் மங்காமல் வெகு நாள் நிற்கும், விலையும் அப்படி. கருவாட்டு ஷெட்டின் நிறம் மங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை, அந்தப் பணத்தைக் கீழ்ப்பக்கத்தில் போடுங்கள்.

ஏனென்றால் இதுதான் விஷயம். வழக்கமான கலர் ஷீட்டில் மேல்பக்கம் பிரைமரோடு சேர்த்து 25 மைக்ரான் பெயிண்ட் இருக்கும். கீழ்ப்பக்கம்? பிரைமர் ஒரு 5, அதற்கு மேல் ஒரு வெளிறிய சாம்பல் பூச்சு 5 முதல் 7 மைக்ரான். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும், கீழ்ப்பக்கத்தை யார் கழுவுவது? கடல் காற்றில் வருகிற உப்பு, உங்கள் தொட்டியில் இருந்து எழும்புகிற உப்பு ஆவி இரண்டும் அங்கே படிந்து, இரவில் பனி வேர்க்கும்போது ஊறி, பகலில் காய்ந்து, திரும்ப ஊறி இதே வேலையாக இருக்கும். உங்கள் எதிரி வீட்டுக்குள்ளே இருக்கிறான், நீங்கள் வாசலுக்குப் பூட்டு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் பெயிண்ட் போட்டுத் தரச் சொல்லி ஆர்டர் கொடுக்க முடியும். 2400 சதுர அடி சின்ன அளவு என்பதால் ஆலையில் தனியாக ஓட்ட மாட்டார்கள், ஆனால் பெரிய டீலரிடம் அந்த வகைத் தகட்டுச் சுருள் (காயில்) இருப்பில் இருக்கும், விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் மாட்டுவதற்கு முன் தரையில் வைத்தே கீழ்ப்பக்கத்துக்கு எபாக்ஸி பெயிண்ட் ஒரு கோட் அடித்துக்கொள்ளலாம்.

1000 மணி நேரக் காகிதத்தைப் பற்றி: அது ஒரு பெட்டிக்குள் இடைவிடாமல் உப்பு நீர் தெளிக்கிற சோதனை. ஒரே ஆலையில் இன்றைய சரக்கும் நேற்றைய சரக்கும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க நல்லது. 1000 மணி நேரம் தாங்கினால் இத்தனை வருடம் நிற்கும் என்று அதிலிருந்து யாராலும் கணக்குப் போட முடியாது. அதில் வெயில் இல்லை, காய்வதும் இல்லை. அதைவிட வாரண்டிக் காகிதத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடலில் இருந்து இத்தனை தூரத்துக்குள் இருந்தால் செல்லாது, மழை படாத இடத்துக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

உப்பளத்தான்:

தூத்துக்குடிப் பக்கம் உப்புக் குடோன் வைத்திருக்கிறோம், ஆகவே நானும் பாதிக்கப்பட்டவன். பூச்சுக்காரர் சொன்ன கீழ்ப்பக்கக் கணக்கை எங்கள் அப்பா காலத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு கூரை மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒன்று, முகட்டில் காற்று வெளியேற வழி விட்டிருக்கிறோம், பக்கச் சுவரின் மேல் இரண்டடியும் திறந்தே இருக்கும். ஈரம் தங்காமல் போனாலே பாதி வெற்றி. இரண்டாவது, வருடத்துக்கு இரண்டு தடவை, மாசியில் ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று, ஹோஸ் பிடித்து ஷீட்டின் அடிப்பக்கத்தையும் ஷீட் உட்காருகிற குறுக்குச் சட்டமான பர்லின் மேலேயும் கழுவிவிடுவோம். முதல் வருடம் எங்கள் போர் தண்ணீரிலேயே கழுவினோம், அதுவே உப்பு, கழுவக் கழுவ உப்பு ஏற்றினோம். சிரிக்காதீர்கள். இப்போது லாரித் தண்ணீர்.

சரி, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், அலுமினியம் ஷீட் யோசித்தீர்களா? கடல் காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் அதை நேராக இரும்புப் பர்லின் மேல் உட்கார வைத்தால் தொடுகிற கோட்டில் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் பட்டையோ பிட்டுமன் டேப்போ வேண்டும். விலையைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

தகர_மேஸ்திரி:

ஷீட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள், அடியில் தாங்குகிற பைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. கூரையைத் தாங்கும் சட்டமான டிரஸ்ஸுக்கு இப்போது எல்லோரும் ஜிபி பைப் வாங்குகிறார்கள். பளபளவென்று இருக்கும், ஜிஐ என்றே சொல்லி விற்பார்கள். அது ஏற்கெனவே மெல்லிசாகத் துத்தநாகம் பூசிய பட்டையைச் சுருட்டி ஒட்டிய பைப். முழுப் பைப்பையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது வேறு. கடலோரத்தில் முக்கி எடுத்ததுதான் நிற்கும். ஐஎஸ் 4759 என்கிற இந்தியத் தரத்தின் படி 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் ஏற வேண்டும். அது 85 மைக்ரான். இது ஒரே பக்கத்தின் கணக்கு, ஷீட்டில் சொல்கிற 275 மாதிரி இரண்டு பக்கம் சேர்த்தது கிடையாது.

நான் செய்வது: டிரஸ்ஸைப் பட்டறையிலேயே வெல்டிங் முடித்து, அப்புறம் கால்வனைசிங் தொட்டிக்கு அனுப்பி, ஊருக்கு வந்ததும் போல்ட் போட்டு மாட்டுவது. தொட்டியின் நீளத்தை முன்கூட்டியே கேட்டு அதற்குத் தகுந்த துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூடின பைப்பாக இருந்தால் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டே அனுப்ப வேண்டும், உள்ளே காற்றோ ஈரமோ அடைபட்டால் 450 டிகிரித் தொட்டியில் வெடித்துவிடும். மறந்துபோய் அனுப்பினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் செலவு முடியாது, சைட்டில்தான் வெல்டிங் என்றால், வெல்டிங் வைக்கிற இடத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி வரும், பால் குடித்தால் சரியாகிவிடும் என்பதெல்லாம் சும்மா. முடிந்ததும் அந்த இடத்தில் ஜிங்க் ரிச் பெயிண்ட் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள், கடற்கரைக்கு அது பவுடர் போட்ட மாதிரிதான். துத்தநாகத்தின் மேல் நேராக எனாமல் பெயிண்ட் அடித்தாலும் ஒட்டாது, ஒரு வருடத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வரும், எட்ச் பிரைமர் போட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பைப் முனை எல்லாவற்றையும் மூடுங்கள்.

ஆட்டுக் கொட்டகைக்கு என் யோசனை கீற்றுதான். சிரிப்பீர்கள். ஆட்டு மூத்திரத்தில் இருந்து எழும்புகிற அமோனியா கால்வால்யூமை அடியிலிருந்து தின்னும், ஆடு மாடு அடைக்கிற இடத்துக்கு வேண்டாம் என்று கம்பெனிக்காரர்களே எழுதியிருப்பார்கள். நாலு பக்கமும் திறந்திருந்தால் ஓரளவு தாங்கும், அடைத்துக் கட்டினால் போச்சு. தென்னங்கீற்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆனால் ஆட்டுக்கு வெக்கை தெரியாது.

சிவில்_செல்வி:

கம்பிக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். பச்சைக் கம்பி என்பது எபாக்ஸிப் பொடியைச் சூடான கம்பி மேல் உருக வைத்துப் பூசியது. பூச்சு முழுசாக இருக்கும்வரை நல்லதுதான். சிக்கல் சைட்டில்தான். வளைக்கும்போது விரிசல் விடும், லாரியில் இழுத்துப் போடும்போது உரியும், கட்டுக்கம்பி இறுகும்போது கீறும். உரிந்த சின்ன இடத்தில் அரிப்பு முழுதும் குவிந்து, வெளியே தெரியாமல் பூச்சுக்கு அடியிலேயே ஓடும். அமெரிக்காவில் ஃபுளோரிடா கீஸ் பாலங்களில் எபாக்ஸிக் கம்பி போட்டும் கடல் நீர் தெறிக்கிற தூண்களில் பத்து வருடத்துக்குள் துரு வெடித்து வெளியே வந்தது, 1980களில் அது பெரிய பேச்சாக இருந்தது.

நாலு தூணுக்கு அதற்குப் பதில் கான்கிரீட்டைக் கவனியுங்கள். ஐஎஸ் 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைத்து, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் என்கிறது. உங்கள் தொட்டியில் இருந்து உப்புத் தண்ணீர் தெறித்து நனைகிற தூண் என்றால் 50ம் எம்35ம். நம் ஊரில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஊற்றுவார்கள், பலகையைப் பிரித்தால் 15 மில்லிமீட்டரில் கம்பி எட்டிப் பார்க்கும். அதற்குப் பச்சைக் கம்பி போட்டாலும் ஒன்றுதான், தங்கக் கம்பி போட்டாலும் ஒன்றுதான். அப்புறம் அந்தப் போர் தண்ணீர் விஷயம், உப்பளத்தான் சார் கூரைக்குச் சொன்னது கான்கிரீட்டுக்கும் பொருந்தும். கலவைக்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர் மட்டும்.

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் இரும்புக்குப் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். அதைக் காட்டி உங்களிடம் யாராவது விற்க வந்தால், அது கடலுக்குள் நிற்கிறது, உங்களுடையது கருவாட்டு ஷெட் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பூச்சுக்காரன்:

ஒன்று விட்டுவிட்டேன். துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியமும் மக்னீசியமும் சேர்த்த பூச்சு ஒன்று சோலார் பேனல் ஸ்டாண்டுகளில் இப்போது நிறையப் போடுகிறார்கள், ஜப்பானில் 6 சதவீதம் அலுமினியம், 3 சதவீதம் மக்னீசியம் என்று வந்தது. வெட்டிய விளிம்பில் அதுவே கரைந்து வழிந்து ஒரு படலமாக மூடிக்கொள்ளும். பர்லினுக்கு அதில் கிடைத்தால் ஜிபி பைப்பை மறந்துவிடலாம்.

வாங்கும்போது கவனிக்க: 0.50 மில்லிமீட்டர் என்று சொல்வது பெயிண்ட் எல்லாம் சேர்த்த கனம். ஏஇசட் 150க்கு 0.04, பெயிண்டுக்கு 0.035 போக உள்ளே இரும்பு 0.42 சொச்சம்தான், அது நியாயமான கணக்கு. ஆனால் 0.45ஐ 0.50 என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. மைக்ரோமீட்டர் வேண்டாம், தராசு போதும். 1220 மில்லிமீட்டர் அகலக் காயிலில் போட்ட பத்தடி ஷீட் ஒன்று 13 கிலோ இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழே போனால் அது 0.45. வந்து இறங்கிய ஷீட் கட்டுகளை வெட்டவெளியில் தார்ப்பாய் போட்டு மூடி வைக்காதீர்கள், ஷீட்டுக்கு நடுவே ஈரம் இறங்கினால் மாட்டும் முன்பே வெள்ளைத் துரு.

நாகை_கருவாடு:

எல்லோருக்கும் நன்றி. முடிவு இதுதான்: கலர் ஷீட், அடியில் ஏஇசட் 150, கீழ்ப்பக்கம் எபாக்ஸி நானே ஆள் வைத்து அடிக்கிறேன். டிரஸ் கால்வனைசிங் தொட்டிக்குப் போகிறது. உப்புத் தொட்டியைக் கூரைக்கு வெளியே, கிழக்கு வெளியில் தனியாக மாற்றிவிடலாம் என்று அம்மா சொன்னார், அதற்குச் செலவு அதிகமில்லை. ஆட்டுக்குக் கீற்று.

நேற்று கடைக்குப் போய் 0.50ல் பத்தடி ஷீட் ஒன்றைத் தராசில் வைக்கச் சொன்னேன். 11 கிலோ 700. கடைக்காரர் தராசு பழுது என்கிறார்.

தகர_மேஸ்திரி:

அதே தராசில்தான் தம்பி பழைய தகரத்தையும் எடை போட்டு வாங்குவார். உங்கள் பழைய ஷீட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள்.